முழங்கால் ஏன் வலிக்கிறது?

தொடை எலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்கும் இடம் முழங்கால். முன்னால் சில்லு எலும்பு. எலும்பு முனைகளின் மேல் வழுவழுப்பான குருத்தெலும்பு. நடுவே பிறை வடிவில் இரண்டு சவ்வுகள். எல்லாவற்றையும் விலகாமல் பிடித்துவைத்திருக்கும் 4 முக்கியத் தசைநார்கள். வலி இவற்றில் எதிலிருந்தும் கிளம்பலாம். அதனால் முழங்கால் வலிக்கும் எல்லோருக்கும் ஒரே தைலம், ஒரே மாத்திரை என்பது சரியாகாது.

நடுவயதைத் தாண்டியவர்களிடம், அதிலும் பெண்களிடம், அதிகம் காணப்படுவது மூட்டுத் தேய்மானம். குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி, காலைத் தூக்கும்போது விரிந்து, மூட்டுக்குள் இருக்கும் திரவத்தைப் பஞ்சுபோல் உறிஞ்சித்தான் அது உயிர்வாழ்கிறது. அதற்கு நரம்பும் இல்லை. ஆகவே தேயத் தொடங்கும்போது எதுவும் தெரியாது. அடியிலுள்ள எலும்பும் மூட்டின் உள்ளுறையும் பாதிக்கப்பட்ட பிறகே வலி தெரியவரும். எக்ஸ்ரேயில் நன்றாகத் தேய்ந்த மூட்டோடு சிலர் சிரமமின்றி நடப்பதும், லேசாகத் தேய்ந்தவர்கள் வலியில் துடிப்பதும் உண்டு. படத்தை மட்டும் பார்த்துப் பயந்துவிடக் கூடாது.

உடல் எடை இதில் பெரிய பங்கு வகிக்கிறது. 1 கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் சுமார் 4 கிலோ குறைகிறது. அதே அளவுக்கு முக்கியமானது தொடைத் தசை. அது மெலிந்தால் அதிர்ச்சியெல்லாம் நேராக மூட்டில் இறங்கும். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, உடலைப் பக்கவாட்டில் திருப்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து இறங்குபவர்களில் பலருக்கு இந்தத் தசை தளர்ந்திருக்கும். வலி என்றதும் வீட்டார் “நீங்க உக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்” என்கிறார்கள். அன்பான சொல்தான், ஆனால் மாதக்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் தசை மேலும் மெலிகிறது, எடை கூடுகிறது, வலியும் வளர்கிறது. தேய்ந்த மூட்டுக்கும் அளவான நடையும் தொடைக்கான பயிற்சியும் தேவை.

இளைஞர்களின் கதை வேறு. கபடியிலோ கால்பந்திலோ பாதம் ஊன்றியிருக்க உடல் திரும்பிவிட்டால் தசைநார் அறுபடலாம். சில மணி நேரத்திலேயே முட்டி வீங்கிவிடும். சவ்வு கிழிந்தால் சில சமயம் கால் மடங்கியபடி பூட்டிக்கொள்ளும். டைல்ஸ் பதிப்பவர்களைப் போல நாள் முழுதும் மண்டியிடுபவர்களுக்குச் சில்லின் முன்னாலுள்ள நீர்ப்பை வீங்கும். இடுப்பு மூட்டில் கோளாறு இருந்து முழங்காலில் வலிப்பதும் உண்டு. குழந்தை முழங்கால் வலிக்கிறது என்றால் இடுப்பையும் சோதிக்க வேண்டும் என்பது இதனால்தான்.

காலையில் எழுந்ததும் மூட்டு இறுகியிருப்பது தேய்மானத்தில் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் இளகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதமா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியா காய்ச்சல் போன பிறகும் மூட்டுவலி மாதக்கணக்கில் தொடரக்கூடும். யூரிக் அமிலப் படிகங்கள் சேர்ந்தாலும் மூட்டு திடீரெனச் சிவந்து வீங்கும்.

இவற்றில் பலவற்றுக்குப் பொறுமையாக வைத்தியம் பார்க்க நேரம் இருக்கிறது. ஆனால் காய்ச்சலோடு முழங்கால் சிவந்து, சூடாகி, அசைக்கவே முடியாமல் போனால் மூட்டுக்குள் கிருமித் தொற்று இருக்கலாம். சில நாட்களிலேயே அது குருத்தெலும்பை அழித்துவிடும். தைலம் தேய்த்துக் காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.