உரிமம் போன பின் அணை யாருடையது?

ஓட்டுநர் ஒருவர் தவறிழைத்தால் அவருடைய உரிமத்தைப் பறிக்கிறோம். வண்டி நின்றுவிடுகிறது, ஆபத்தும் நீங்குகிறது. மருத்துவர் ஒருவரின் பதிவை நீக்கினாலும் அவ்வாறே. ஆனால், அணை ஒன்றின் உரிமையாளருக்கு அளித்த ஏற்பை அரசு திரும்பப் பெறும்போது, அணை எங்கே செல்லும்? நீரைத் தாங்கியபடி அங்கேயேதான் நிற்கும். தண்டனை மனிதனுக்கு, ஆபத்தோ அணையின் கீழே வாழ்வோருக்கு. இவ்விரண்டையும் நாம் எளிதில் ஒன்றாக எண்ணிவிடுகிறோம்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டிட்டபவாசி ஆற்றின்மீது 1924-இல் கட்டப்பட்டது ஈடன்வில் அணை. பெருவெள்ளம் வந்தால் அதனை வெளியேற்றும் வழி அங்குப் போதாது என்று கூட்டாட்சி எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் பல்லாண்டுகள் எச்சரித்தது. கணிக்கப்பட்ட உச்ச வெள்ளத்தில் ஏறத்தாழ பாதியை மட்டுமே அதன் மதகுகளால் வெளியேற்ற முடியும். உரிமையாளரோ பணமில்லை என்று நாள் கடத்தினார். 2018 செப்டம்பரில் ஆணையம் மின் உற்பத்தி உரிமத்தை நீக்கியது. நியாயமான தண்டனையே அன்றோ?

விளைவைக் காண்போம். மின்சாரம் விற்ற வருவாய் நின்றது. பழுது பார்க்க வேண்டிய பணம் எங்கிருந்து வருமோ, அந்த ஊற்றே அடைபட்டது. உரிமம் இல்லாத அணைமீது ஆணையத்திற்கு அதிகாரமும் இல்லை. பொறுப்பு மாநில அரசுக்கு வந்தது. மாநிலத்தின் அளவுகோல் வேறு: உச்ச வெள்ளத்தில் பாதியைத் தாங்கினாலே அங்குப் போதும். நேற்று வரை குறையுடையதாய் இருந்த அணை, ஒரு கல்லும் மாறாமலே, ஏறக்குறைய ஏற்கத்தக்கதாயிற்று! மகனைத் தலைமுழுகிவிட்டேன் என்று கூறும் தந்தையை நாம் ஊரில் கண்டிருக்கிறோம். தந்தையின் கணக்கு முடிந்திருக்கலாம். மகன் அதே தெருவில்தான் திரிகிறான்.

2020 ஏப்ரல் இறுதியில் மாநில அரசு உரிமையாளர்மீது வழக்குத் தொடுத்தது. அனுமதியின்றி ஏரி நீரை இறக்கியதால் நன்னீர்ச் சிப்பிகள் பெருமளவில் மடிந்தன என்பது குற்றச்சாட்டு. பாதுகாப்புக்காகவே இறக்கினோம் என்பது அவர்கள் வாதம். அவ்வாதத்தில் உண்மை எவ்வளவு என்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. சிப்பிகளும் காக்கப்பட வேண்டியவையே. எனினும் மூன்று வாரங்கள் முடியுமுன், மே 19 அன்று, பெருமழைக்குப்பின் அணையின் கிழக்குக் கரை உடைந்தது. வெள்ளம் கீழேயுள்ள சான்ஃபோர்டு அணையையும் சாய்த்தது. பெருந்தொற்றுக் காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் வீடுகளைவிட்டு வெளியேறினர். உயிர்ச்சேதம் இல்லை என்பது பேராறுதல்.

2022-இல் வெளியான தனி வல்லுநர் குழுவின் அறிக்கை நம்மைத் திகைக்க வைக்கிறது. நீர் அணைக்கு மேலாக வழியவில்லை. அதுவரை காணாத உயரத்திற்கு ஏறிய நீரின் அழுத்தத்தில், கரையினுள் இருந்த தளர்ந்த மணல் திடீரென வலுவிழந்து, கரை குழைந்து சரிந்தது. மதகைப் பற்றியே வழக்காடிய அத்தனை ஆண்டுகளும், கரைக்குள் இருந்த இந்தக் குறை கண்டறியப்படாமலே போயிற்று.

அப்படியாயின் உரிமத்தை நீக்கியது தவறா? தவறென்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கடமையை மறுப்பவனுக்கு ஏற்பு அளித்துக்கொண்டே இருப்பது, அவன் மறுப்பில் பங்கேற்பதாகும். ஆயினும், செய்ததற்கு மட்டுமன்றி, செய்யாமல் விட்டதற்கும் மனிதன் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது அறநூலின் பழைய பாடம். ஏற்பை நீக்கும் நாளிலேயே ஏரியைத் தாழ்த்தவும், அணையை ஏற்கவும், செலவைச் சுமக்கவும் ஒருவரை நிறுத்தாமல் விட்டால், அதனை ஒறுத்தல் என்பதா, கைகழுவுதல் என்பதா?

உரிமையாளரின் நிறுவனம் 2020 ஜூலையில் திவால் மனு அளித்தது. 2023-இல் நீதிமன்றம் ஏறத்தாழ 12 கோடி டாலரை மாநிலத்திற்குச் செலுத்த உரிமையாளருக்கு ஆணையிட்டது. அணைகளை மீண்டும் கட்ட மாநில அரசு பெருந்தொகை ஒதுக்கியது. மீதிச் செலவில் பங்கு கேட்டு ஓலை சென்றது, ஏரிக்கரையில் வீடு வைத்திருந்த குடும்பங்களுக்கு.