மணம் எவருக்கு உரியது?

மனிதர் அணிவனவற்றுள் மணம் தனித்தன்மை வாய்ந்தது. புடைவையின் நிறம் பிடிக்காதவர் பார்வையை வேறு திசையில் செலுத்தலாம். மணத்திலிருந்து அவ்வாறு விலகிக்கொள்ள இயலாது. அருகிருந்து மூச்செடுக்கும் எவரும் அதனை ஏற்றே ஆகவேண்டும். எனவே, மலர்மணத் தைலத்தில் ஒரு துளியைப் பூசிக்கொள்ளுதல் தன்னளவில் முடிந்துவிடும் அலங்காரமா, அல்லது பிறர்பால் செய்யப்படும் ஒரு செயலா என்னும் வினா எழுகின்றது. அற்பமானதாகத் தோன்றும் இவ்வினா, தன் உடல்மீது ஒருவருக்குள்ள உரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்னும் பெருவினாவின் ஒரு கூறேயாகும்.

மல்லிகைத் தைலம் அணியும் ஒருத்தியின் அனுபவத்தை உதாரணமாகக் கொள்ளலாம். காலையில் மணிக்கட்டில் ஒரு துளி இடுகிறாள். முதலில் மேலெழுவது மதுசாரத்தின் காரமே. அது ஆவியாகிய பின்னரே மலர் விரிகின்றது. முற்றத்துப் பந்தலில் மாலையில் அவிழும் மொட்டு, நீர் தெளித்து வைத்த பூச்சரம், திருவிழாக் காலத்துக் கோயில் வீதி ஆகிய யாவும் அக்கணத்தில் நினைவில் மீள்கின்றன. ஆனால் சிறிது நேரத்துள் அவள் அம்மணத்தை உணர்வதில்லை. இடைவிடாது தொடரும் மணத்துக்கு மூக்கு விரைவில் பழகிவிடுதல் இயற்கை. மணம் தீர்ந்துவிட்டதென எண்ணி அவள் மீண்டும் பூசுகிறாள். நெரிசல் மிக்க பஸ்ஸில் அருகே நிற்பவருக்கோ அது இரட்டிப்பாகின்றது. அணிந்தவர் உணராத ஒன்றை அயலவர் உணர்கின்றனர் என்பதே இதிலுள்ள முரண்.

இம்முரணின் ஒரு பக்கத்தை ஜேர்மனிய மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் கூர்மையாக நோக்கினார். 1790இல் வெளிவந்த, தீர்ப்பாற்றல் பற்றிய தமது நூலில், அயலார் செவியில் வலிந்து புகும் இசையை, சட்டைப்பையிலிருந்து எடுக்கப்படும் வாசனையூட்டிய கைக்குட்டைக்கு அவர் ஒப்பிட்டார். 1798இல் வெளியான மானிடவியல் நூலில், விரும்பினும் விரும்பாவிடினும் பிறர் அதிற் பங்குகொள்ள நேர்வதால் மணம் சுதந்திரத்துக்கு மாறானது என்றார். இக்கருத்து எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. ஒருவருக்கு இன்பமாகும் மணம் இன்னொருவருக்குத் தலைவலியையோ மூச்சுத்திணறலையோ வருவிக்கக்கூடும். ஆயினும் கான்றின் நோக்கில், மணம் அணிபவர் பிறரை வருத்தக்கூடியவராக மாத்திரமே தோன்றுகிறார். தாம் அணிந்ததைத் தாமே நுகர்ந்து மகிழும் ஒருவராக அவர் அங்கு இடம்பெறவில்லை.

வியப்பு யாதெனில், கான்றை அறியாத தமிழ்ச் சமூகமும் பெண் அணியும் மணத்தைப் பிறருக்குரியதாகவே கருதி வந்துள்ளமையாகும். கணவன் உயிருடன் இருக்கையில் கூந்தலிற் பூ மங்கலம். அவன் மறைந்ததும் அதே பூ குற்றம். இவ்வழக்கம் முன்னரிலும் தளர்ந்துள்ளதெனினும் முற்றாக மறைந்துவிடவில்லை. 2009இல் முடிவுற்ற போர் வடக்கிலும் கிழக்கிலும் பெருந்தொகையான பெண்களைக் கணவரை இழந்தோர் ஆக்கியமையால், இதனைப் பழங்கதையெனத் தள்ளிவிடவும் முடியாது. சிறுமியாக இருந்தபோதே அவள் சூடிய பூ அது, கணவன் கொண்டுவந்ததன்று. அவன் கொண்டுவராத ஒன்றை அவனது மறைவு எவ்வாறு கொண்டுபோக முடியும்?

மணத்தைத் துறத்தல் உயர்ந்த ஒழுக்கமன்றோ என வினவுவோர் உளர். போயா தினங்களில் சில் அனுட்டிக்கும் பௌத்தர் மாலையையும் வாசனைப் பூச்சையும் தவிர்ப்பதை அவர்கள் எடுத்துக்காட்டலாம். ஆனால் அது ஒருவர் தாமே மேற்கொள்ளும் விரதம். அதனை மேற்கொள்வதும் முடிப்பதும் அவரது விருப்பின்பாற்பட்டவை. விதவையிடமிருந்து பூ எடுக்கப்படுகையில் அவளது விருப்பம் கேட்கப்படுவதில்லை. தானே விடுவது துறவு. பிறர் பறிப்பது இழப்பு. பறித்துவிட்டு அதற்குத் துறவு எனப் பெயரிடுதல் அறமாகாது.

போத்தலில் அடைபட்ட மல்லிகை இவ்விடத்திற் புதியதொரு நிலையைத் தோற்றுவிக்கின்றது. கூந்தலிற் பூவைக் காணும் ஊர் கேள்வி கேட்கும். மணிக்கட்டிலுள்ள துளிக்கோ உருவமில்லை. பூச்சூட அஞ்சும் ஒருத்தி அத்துளியை அச்சமின்றி அணியலாம். வேலை செய்கையில் கை முகத்தருகே வரும்போது, அவளுக்கு மாத்திரம் ஒரு கணம் அந்தப் பந்தல் மீளும். இது சிறிய ஆறுதலே. விடுதலை எனக் கொள்ளத்தக்கதன்று. தனக்குரிய ஒன்றை மறைத்து நுகரவேண்டிய நிலையில் ஒருத்தியை வைத்திருக்கும் சமூகம், போத்தல் ஒன்று கிடைத்ததனால் தன் பொறுப்பிலிருந்து நீங்கிவிடாது.

அவ்வாறாயின் கான்றின் கண்டனத்துக்கு விடை யாது? அதனை மல்லிகையிடமே காணலாம். மல்லிகையின் மணத்தை ஆக்கும் பொருள்களுள் இன்டோல் என்பதும் ஒன்று. மலத்திலும் காணப்படும் அப்பொருள், செறிவு மிகுந்தால் அருவருப்பூட்டும். மிகச் சிறிதளவில் மலர்மணத்தை நிறைவு செய்யும். அணிபவருக்கும் இதே அளவுணர்வு வேண்டும். தன் மூக்குப் பழகிவிடும் என்பதை அறிந்தவர், தான் உணராத வேளையிலும் பிறர் உணர்கின்றனர் என நினைந்து இரண்டாம் துளியைத் தவிர்ப்பார். அவரது மணம் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பாற் செல்லாது. அத்தூரத்துக்கு அப்பாலுள்ள காற்று பிறருடையது. அங்கு அவர்களின் விருப்பத்தை மதித்தல் கடமை. அத்தூரத்துக்கு உட்பட்டது அணிபவருக்கே உரியது. அவள் மணமானவளா, கணவனை இழந்தவளா என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை.