முன் சீட்டு

திருச்சிக்கு டிக்கெட் கிடைத்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். சிங்கப்பூரில் ஏறித் திருச்சியில் இறங்கினால் அங்கிருந்து இரண்டரை மணி நேரத்தில் கும்பகோணம். இந்தமுறை பள்ளி விடுமுறைக் கூட்டம். சென்னைக்குத்தான் இடம் இருந்தது, அதுவும் நள்ளிரவு 12.15-க்கு இறங்கும் விமானத்தில். அந்நேரத்துக்கு மேல் தோதான ரயில் இல்லை. பஸ் பிடிக்கக் கிளாம்பாக்கம் போகவேண்டும், கையிலோ இரண்டு பெரிய பெட்டி. ஒன்வே டிராப் டாக்ஸி ஒன்றைப் புக் செய்தேன். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400, டோல் தனி. எல்லாம் சேர்த்து ஐயாயிரத்துச் சொச்சம்.

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். வண்டி என்ன வண்டி, எவ்வளவு கேட்கிறான் என்றெல்லாம் அவள் கேட்கவில்லை.

"முன்னாடி யாரு உக்காந்து வர்றா?"

"யாரும் இல்லம்மா, நான் மட்டும்தான்."

"அப்ப நீ முன்னாடி உக்காரு. தூங்கிடாத."

சிரித்துக்கொண்டே போனை வைத்தேன். எழுபத்தெட்டு வயது, பழைய பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய பயம்தான். அதற்கு ஒரு ஆளும் இருந்தார். 1990-களில் எங்கள் வீட்டில் யார் வெளிநாட்டிலிருந்து வந்தாலும் அழைத்துவர மீனம்பாக்கத்துக்குப் போகிறவர் பெரிய மாமா. மகாமகக் குளத்துக்குப் பக்கத்து ஸ்டாண்டில் அம்பாசிடர் பேசுவார். முதல்நாள் மத்தியானமே கிளம்பிவிடுவார். அம்பாசிடரின் முன் சீட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பெஞ்சு. பழைய வண்டிகளில் கியர்கூட ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும். டிரைவருக்கும் மாமாவுக்கும் நடுவே ஒரு வெற்றிலைப் பெட்டி, அவ்வளவுதான் இடைவெளி. திரும்பி வரும்போது பின்னால் நாங்கள் நான்கு பேர் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்குவோம். மாமா பேசிக்கொண்டே வருவார். டிரைவரின் மச்சான் வாங்கிய நிலம், மேட்டூரில் தண்ணீர் திறப்பார்களா, எந்த மில்லில் நெல் அரைத்தால் குருணை குறைவு. நடுவில் ஒரு வெற்றிலையை மடித்து நீட்டுவார். அரைத்தூக்கத்தில் எனக்கு எரிச்சலாக வரும். இந்த மனுஷன் கொஞ்ச நேரம் வாயை மூடமாட்டாரா?

அது பேச்சல்ல, காவல். இது எனக்கு விளங்க, மாமா போய் எட்டு வருஷம் ஆகி, ஒரு ராத்திரி மூன்று மணிக்குத் திண்டிவனம் தாண்டவேண்டியிருந்தது.

சென்னை விமான நிலையத்தில் வண்டிக்காகப் பல அடுக்கு வாகன நிறுத்தம்வரை பெட்டிகளை உருட்டிப்போய், டி போர்டு வண்டிகளுக்கு நடுவே நம்பரைத் தேடினேன். டிரைவர் தானே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டார். முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். பின் கதவைத் திறந்துவிட்டார். முன் சீட்டில் ஒரு துண்டு, எவர்சில்வர் டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சார்ஜர் ஒயர். அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தச் சீட்டு ஏற்கெனவே ஒருவருடைய வீடு மாதிரி இருந்தது. காலி செய்யச் சொல்லக் கூச்சம். கூச்சம் மட்டும்தானா? நாலு மணி நேர விமானத்துக்குப் பிறகு, காசு கொடுத்து எடுத்த வண்டியில் காலை நீட்டிப் படுக்கவேண்டும் என்றும் இருந்தது. பின்னால் ஏறினேன். தாம்பரம் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டேன்.

பரனூர் டோல் எனக்குத் தெரியாது. ஆத்தூர் டோலும் தெரியாது. 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து டோல்கேட் என்பது வேகத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும் இடம், அவ்வளவுதான். முன்பெல்லாம் கண்ணாடியை இறக்கி, சில்லறை தேடி, கூண்டுக்குள் இருப்பவரிடம் ரசீதுக்கு ஒரு வார்த்தை பேசியாகவேண்டும். முகத்தில் காற்று படும். அலுத்துக்கொண்ட அந்தத் தாமதங்கள் ராத்திரி வண்டிக்கு என்ன செய்துகொண்டிருந்தன என்று யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

என்னை எழுப்பியது ஒரு சத்தம். சாலை ஓரத்துக் கோட்டில் பதித்த கட்டைகள்மேல் சக்கரம் ஏறி 'டர்ர்ர்' என்று அதிர்ந்தது. வண்டி சட்டென்று உள்ளே இழுக்கப்பட்டது. கண்ணாடியில் டிரைவரின் கண்ணைப் பார்த்தேன். அகலத் திறந்திருந்தது, வேண்டுமென்றே திறந்த கண். ஏசியை உச்சத்தில் வைத்திருந்தார். இடது கையால் பிடரியில் இரண்டு தட்டு தட்டிக்கொண்டார்.

"தம்பி, ஒரு டீ சாப்பிடலாமா?"

"பரவால்ல சார். நான் ஓகேதான். நீங்க தூங்குங்க."

இதுவே என்னை முழுசாக எழுப்பிவிட்டது. நீங்கள் தூங்குங்கள் என்று உபசாரமாகச் சொல்கிறார், சொல்லும்போதே கொட்டாவி விடுகிறார். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி வினாடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் போகும். மூன்று வினாடி கண் சொருகினால் 80 மீட்டருக்கு மேல் வண்டி ஆளில்லாமல் ஓடுகிறது.

விக்கிரவாண்டியில் பண்ருட்டிச் சாலைக்குத் திரும்பியதும் ஒரு டீக்கடை. அங்கே நின்றபடிதான் கதை வந்தது. காலையில் ஐந்து மணிக்கு எழுந்து தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு ஒரு டிராப். மத்தியானம் தாம்பரத்திலிருந்து காஞ்சிபுரம் போய்த் திரும்பும் ஒரு சவாரி. அதை முடித்துவிட்டு ஏர்போர்ட். "நடுவுல வண்டிலயே அரைமணி நேரம் கண்ண மூடினேன் சார். ஆனா போன் வந்துட்டே இருக்கும். ரெண்டு ரிங்குல எடுக்கலன்னா ஆர்டர் அடுத்த ஆளுக்குப் போயிடும்."

கணக்குப் போட்டேன், இருபத்திரண்டு மணி நேரம். 1997-ல் 'நேச்சர்' இதழில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சோதனையை எழுதினார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கண்ணும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவருடையதைப் போலத் தடுமாறுகின்றன என்பது அவர்கள் கண்டது. நம் நாட்டில் வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லிலிட்டர் ரத்தத்துக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03. அந்தக் கணக்குப்படி என் டிரைவர் ராத்திரி பத்து மணிக்கே, நான் விமானத்தில் சாப்பாட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே, சட்டத்தின் கோட்டைத் தாண்டிவிட்டார். குடித்துவிட்டு வந்திருந்தால் நான் வண்டியில் ஏறியிருக்க மாட்டேன். புகார் செய்திருப்பேன். தூங்காமல் வந்ததற்கு என்ன பெயர் வைப்பது? உழைப்பாளி என்றுதான் சொல்லியிருப்பேன்.

சட்டம் இதை யோசிக்காமல் இல்லை. 1961-ல் வந்த மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. ஆனால் அது ஐந்து பேராவது வேலை செய்த நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. டியூ கட்டிக்கொண்டு சொந்த வண்டியைத் தானே ஓட்டுகிறவர் யாருக்குத் தொழிலாளி? அவரே முதலாளி, அவரே தன்னைத் தூங்கவிடாத மேஸ்திரி.

பெஞ்சில் டீ ஆறிக்கொண்டிருந்தது. என் மண்டையில் வேறொரு கணக்கு ஓடியது. மாமா காலத்தில் ஒன்வே என்பதே கிடையாது. அப் அண்ட் டவுன் இரண்டுக்கும் காசு. மாமா கும்பகோணத்திலிருந்து ஆளில்லாத பின் சீட்டுகளோடு போவார், அதற்கும் கொடுப்பார். அந்த டிரைவர் எங்களை இறக்கிவிட்டு, எங்கள் வீட்டுத் திண்ணையில் பத்து மணிவரை தூங்கிவிட்டு, இட்லி சாப்பிட்டு, நாலு தெரு தள்ளியிருந்த தன் வீட்டுக்குப் போவார். அடுத்த சவாரி நாளைக்கோ மறுநாளோ. காலி வண்டிக்கு ஏன் காசு கொடுக்கவேண்டும் என்று நாம் கேட்க ஆரம்பித்தோம். நியாயமான கேள்விதான். ஒன்வே வந்தது, பாதிக் காசு மிச்சமானது. சிங்கப்பூரில் ஒரு நண்பனிடம் இதைப் பெருமையாகவே சொல்லியிருந்தேன். அந்தப் பாதி எங்கிருந்து மிச்சமானது என்பதை இப்போது எதிரே பார்த்தேன். கண் ஓரத்தில் சிவந்து, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. திரும்பிப்போக அடுத்த சவாரி எங்கே கிடைக்கிறதோ அதுவரை கண்விழிப்பு. காலி வண்டிக்கு நாம் கொடுத்த காசு அவர் தூங்குவதற்கான காசாகவும் இருந்திருக்கிறது.

நண்பனிடம் பிறகு இதைச் சொன்னபோது அவன் ஒப்புக்கொள்ளவில்லை. "நீயும்தான் வாரம் முழுக்க வேலை செஞ்சுட்டு வர்ற. முழிச்சிட்டு ஓட்டத்தான அவருக்குக் காசு? நீயும் முழிச்சிருக்கணும்னா எதுக்குடா டாக்ஸி?" மறுக்க முடியாத பேச்சு. தனியாக வரும் ஒரு பெண்ணிடம் போய், முன் சீட்டில் உட்கார்ந்து டிரைவரோடு பேசிக்கொண்டு வா என்று நானும் சொல்லமாட்டேன். அவள் கண்விழித்து வருவதற்கு வேறு காரணங்கள் இருக்கும். பேசுகிற பயணியைவிடப் பேசாத பயணியே மேல் என்று நினைக்கும் டிரைவர்களும் உண்டு. எல்லாம் சரி. ஆனாலும் விழிப்பை ஒருவரிடம் முழுசாக விலைக்கு வாங்கிவிடலாம் என்பது எனக்கு இப்போது நம்பும்படியாக இல்லை. அரிசியைப் போல அதை அளந்து கொடுத்துவிட முடியாது. உடம்பு எப்போது திருப்பி எடுத்துக்கொள்ளும் என்று விற்றவருக்கே தெரியாது.

"தம்பி, பங்க் ஓரமா நிறுத்துங்க. ஒரு முக்கால் மணி நேரம் படுங்க. நான் முழிச்சிருக்கேன்."

மூன்று தடவை மறுத்தார். லேட்டாகிவிடும், கம்பெனியில் கேட்பார்கள் என்றார். நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். கடைசியில் சீட்டைச் சாய்த்து, துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, குறட்டை.

முன் சீட்டிலிருந்த டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்தேன். முன்பின் தெரியாத ஒருவர் தூங்குவதற்குக் காவல் இருப்பது என் ஆயுளில் முதல் தடவை. லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பங்க் பையன் வந்து கண்ணாடியில் எட்டிப் பார்த்தான். விரலை உதட்டில் வைத்தேன். தலையாட்டிவிட்டுப் போனான். டிபன் பாக்ஸ் காலியாக இல்லை. அசைத்தால் உள்ளே கட்டியாக எதுவோ நகர்ந்தது.

நாற்பது நிமிஷத்தில் அவராகவே எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தார். நான் முன் சீட்டிலிருந்து இறங்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை, ஒயரை மட்டும் என் காலில் படாமல் சுருட்டி வைத்தார். என்ன பேசுவது? மாமாவுக்கு நெல் தெரியும், நிலம் தெரியும். எனக்குத் தெரிந்தது ஆபீஸும் ஏர்போர்ட்டும். பண்ருட்டியில் மூடிக் கிடந்த பலாப்பழக் கடைகளைப் பார்த்து, சீசன் முடிந்ததா என்று கேட்டேன். அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மாமனார் ஊர் அந்தப் பக்கம்தானாம். நெய்வேலி வரைக்கும் பலா மரமும் முந்திரியும் ஓடியது.

வடலூரில் ஒரு கும்பிடு போட்டார். வள்ளலார் 1867-ல் தருமச்சாலை தொடங்கியபோது மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிற ஊர். சின்ன வயதில் அதை ஒரு அதிசயமாக மட்டும் கேட்டிருந்தேன். இப்போது அதன் முறை வேலைதான் மனசில் பட்டது. ஒருவர் விறகு தள்ளிவிட்டுப் போனால் இன்னொருவர் வந்திருப்பார். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக எரியும் தீக்கு எதிரே எந்தத் தனி மனிதரும் தூங்காமல் உட்கார்ந்திருக்கவில்லை.

கொள்ளிடம் தாண்டும்போது விடிந்தது. வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். நான் எந்தக் கதவிலிருந்து இறங்குகிறேன் என்று பார்த்தாள் என்றே நினைக்கிறேன். ஒன்றும் கேட்கவில்லை. டிரைவருக்கு முதலில் காபி கொடுத்தாள். மீட்டருக்கு மேல் 500 ரூபாய் கொடுத்தேன். திரும்பிப்போகும் காலி வண்டிக்கான காசு நாலாயிரம் என்று தெரிந்தேதான் 500 கொடுத்தேன். "கொஞ்சம் படுத்துட்டுப் போப்பா" என்று அம்மா திண்ணையில் பாய் போட்டாள். இந்தத் தடவை அவர் மறுக்கவில்லை.

ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவர் தலைமாட்டில் போன் அதிர்ந்தது. பாயோரம் மெதுவாக நகர்ந்து நகர்ந்து திண்ணை விளிம்புக்கு வந்தது. கீழே விழாமல் எடுத்தேன். கம்பெனி பெயர் மின்னியது.

"என்னடா, எழுப்பவா?" என்றாள் அம்மா, உள்ளேயிருந்து.

ரெண்டு ரிங். ராத்திரி அவரைத் தூங்கச் சொன்னவன் நான். இந்த மாத டியூவைக் கட்டப்போவது நானில்லை. தோளைத் தொட்டு எழுப்பினேன். கண்ணைத் திறப்பதற்கு முன்பே கை போனுக்கு நீண்டது.

எட்டரைக்குச் சென்னை டிராப். கொல்லைக் குழாயில் முகம் கழுவிக்கொண்டு வந்தார். அம்மா கட்டிக்கொடுத்த இட்லியை வாங்கிக்கொண்டார். வண்டியில் ஏறியதும், நான் உட்கார்ந்து வந்த சீட்டில் துண்டை விரித்து, அதன்மேல் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் இட்லிப் பொட்டலத்தையும் வரிசையாக வைத்தார். சார்ஜர் ஒயரை அவிழ்த்துவிட்டார். கிளம்பினார்.