தோற்றவனின் நியாயம்

சர்க்கார் காண்டிராக்ட் ஒன்று ஒருவருக்குக் கிடைத்துவிடுகிறது. கிடைக்காதவர் மேல்முறையீடு செய்கிறார்; கோர்ட்டுக்குப் போகிறார். பத்திரிகையில் அந்தச் செய்தியைப் படிக்கிற நாம், ‘எட்டாத பழம் புளிக்கிறது’ என்று சிரித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறோம்.

நரிக் கதை இங்கே பொருந்தவில்லை என்பதை யாரும் கவனிப்பதில்லை. பழம் புளிக்கும் என்று சொல்லிவிட்டு நரி தன் வழியே போய்விட்டது. இந்த மனிதரோ பழம் இனிப்பு என்றுதான் சொல்லுகிறார். பறித்தவன் வேலி தாண்டிப் பறித்தான் என்கிறார். அது மெய்யா, பொய்யா என்பதல்லவா கேள்வி? அவரும் பழத்துக்கு ஆசைப்பட்டார் என்பது அதற்குப் பதிலாகுமா?

‘அந்தக் கடைத் தராசில் கள்ளம் இருக்கிறது’ என்று எதிர்க்கடைக்காரன் சொல்லுகிறான். பொறாமையால்தான் சொல்லுகிறான், சந்தேகமே வேண்டாம். அவன் பொறாமைக்காரன் என்பதனால் தராசு நேராகிவிடுமா? முதலில் தராசைப் பார்ப்போம். சொன்னவனுடைய நெஞ்சைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரியைப் பெருக்கித் துடைத்துப் பராமரிக்கிற காண்டிராக்டில் இந்த வழக்கு உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. அதை விளங்கிக்கொள்ளப் போடிநாயக்கனூருக்கு வாருங்கள்.

அந்த ஊரில் ஏலம் என்ற சொல்லுக்கு இரண்டு பொருளும் உயிரோடு இருக்கின்றன. மலையில் விளைவதும் ஏலம். ஊரில் நடப்பதும் ஏலம். வியாபாரிகள் இன்று கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து விலை கேட்கிறார்கள். ஆனாலும், விலை கேட்கும் முன் மாதிரிக் காய் அவர்கள் கைக்கு வந்தாக வேண்டும். நிறம் பார்க்கிறார்கள், பருமன் பார்க்கிறார்கள், முகர்ந்து பார்க்கிறார்கள். காயைப் பாராமல் விலையை மட்டும் பார்த்து ஏலக்காய் வாங்குகிற பைத்தியக்காரன் போடியில் கிடையாது.

அரசு ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலையை டெண்டரில் வாங்கும் முறை இதற்கு நேர்மாறு. தகுதி நிபந்தனைகளைத் தாண்டியவர்களுள் யார் குறைந்த தொகை கேட்டிருக்கிறாரோ அவருக்கு வேலை. நாளைய சுத்தத்தை இன்று தட்டில் வைத்துக் காட்ட முடியாது. முன் அனுபவம் எத்தனை ஆண்டு, ஆள் எத்தனை பேர், பழைய இடங்களில் பெயர் எப்படி என்கிற நிபந்தனைகள்தாம் இங்கே மாதிரிக் காய். ஒருவருக்காக அந்த நிபந்தனையைத் தளர்த்தினால், காயைப் பார்க்காமலே மூட்டையை வாங்கியதாக ஆகிறது.

குறைந்த தொகைக்கு எடுத்தவர் பிறகு எதைக் குறைப்பார்? கட்டடத்தைக் குறைக்க முடியாது. படுக்கையைக் குறைக்க முடியாது. பெருக்குகிற பெண்ணின் கூலியைக் குறைக்கலாம்; நான்கு பேர் செய்கிற வேலைக்கு இரண்டு பேரை வைக்கலாம்; பினாயிலில் தண்ணீரைச் சேர்க்கலாம். அயல்நாட்டிலும் கதை இதுதான். இங்கிலாந்தின் 126 ஆஸ்பத்திரி நிர்வாகங்களின் கணக்கை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2017-இல் வெளிவந்தது. துப்புரவை வெளியாருக்கு விட்ட இடங்களில் செலவு குறைந்திருந்தது. மருந்துக்கு அடங்காத ஒரு கிருமியின் தொற்றோ கூடியிருந்தது.

2018 மார்ச் 11-ஆம் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீ மூண்டது. மலையேறப் போயிருந்தவர்களில் பலர் கருகினார்கள். காயம்பட்டவர்களைக் கீழே கொண்டுவந்து போடி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து தேனிக்கும் மதுரைக்கும் அனுப்பினார்கள். வெந்த உடம்புக்குத் தோல் என்கிற காவல் இல்லை. நெருப்பிலிருந்து தப்பியவனைக் கிருமி கொண்டுபோய்விடும். அப்படிப்பட்டவன் படுக்கிற அறையின் தரையை யார் துடைத்தது, எதைக்கொண்டு துடைத்தது என்பது அற்ப விஷயமா? அது விபத்து நாளுக்கு மட்டும் உரிய கேள்வியும் அல்ல. ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து போகிற கூலிப்பெண் பிரசவத்துக்கு வருவதும், பாம்பு கடித்தவனை மலைக்குடியிலிருந்து டோலி கட்டித் தூக்கி வருவதும் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குத்தான்.

இனிச் சட்டத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 1998-இல் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இயற்றப்பட்டது. முடிவினால் பாதிக்கப்பட்டவர் பத்து நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம் என்கிறது அது. நல்ல ஏற்பாடு. ஆனால் பாதிக்கப்பட்டவர் என்றால் யார்? டெண்டர் கொடுத்தவர். படுக்கையில் கிடப்பவர் அந்தக் கணக்கில் இல்லை. துடைப்பம் பிடிக்கிறவளும் இல்லை. அவர்கள் இருவருக்கும் வாசல் இல்லாத அந்த வீட்டில், லாபத்தை இழந்த ஒருவருக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறது. அவர் தம் லாபத்துக்காகத் தட்டுகிறார். தட்டுகிற ஓசையில் இவர்களுடைய குரலும் தற்செயலாகக் கேட்டுவிடுகிறது. அதனால்தான் அவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள் என்கிறேன்.

அதற்காக அவரை மகாத்மாவாக்கி மாலை போடவும் நான் தயாரில்லை. பம்பாய் விமான நிலையத்துச் சிற்றுண்டிச்சாலைக் காண்டிராக்ட் வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1979-இல் தீர்ப்புச் சொன்னது. ஐந்தாண்டு அனுபவமுள்ள, பதிவுபெற்ற ஹோட்டல்காரருக்கே என்று அறிவித்துவிட்டு, அந்தத் தகுதி இல்லாதவருக்குக் கொடுத்தது தவறு என்றது கோர்ட். தான் போட்ட கோட்டை அரசுத்துறையே தாண்டலாகாது என்ற தர்மம் அங்கே நிலைநாட்டப்பட்டது. ஆனால் காண்டிராக்டை ரத்து செய்யவில்லை. வழக்குத் தொடுத்தவர் காலம் தாழ்த்தி வந்தார். அதற்குள் மற்றவர் பணம் போட்டுவிட்டார். வந்தவருக்கும் உண்மையான அக்கறை இல்லை என்று கோர்ட் கண்டது. நியாயம் ஜெயித்தது, பலன் யாருக்கும் இல்லை! கூலிக்கு அழுகிறவனிடம் துக்கத்தை ஒப்படைத்தால் இப்படித்தான் முடியும்.

‘தோற்றவனெல்லாம் தடையுத்தரவு வாங்கினால் அதுவரை ஆஸ்பத்திரியைப் பெருக்குவது யார்?’ என்று அதிகாரி கேட்பார். கேட்கவேண்டிய கேள்விதான். மிரட்டிப் பங்கு வாங்குவதற்கென்றே வழக்குப் போடுகிறவர்களும் உண்டு. ஆகையால் தோற்றவருக்கும் ஒரு தர்மம் வேண்டும். எந்த நிபந்தனை மீறப்பட்டது என்று குறித்துச் சொல்லட்டும், காலத்தில் சொல்லட்டும். பங்கு கிடைத்ததும் மனுவை வாபஸ் வாங்குகிறவர், தம் வாயால் சொன்ன நோயாளியைத் தாமே விற்றவராகிறார். ஏமாற்றி வாங்கியவனைவிட அவர் ஒரு படி கீழே.

நமக்கும் ஒரு கடமை இருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இல் வந்தது. அதற்கு டெண்டர் போட்டிருக்க வேண்டியதில்லை, குடிமகனாக இருந்தால் போதும். இந்த ஆஸ்பத்திரியை ஒரு நாளில் எத்தனை முறை துடைக்க ஒப்பந்தம், அதற்கு எத்தனை ஆள், அவர்களுக்கு என்ன கூலி என்று கேட்கலாம். கேட்டு வாங்கியதை வார்டுச் சுவரிலே ஒட்டும்படியும் கேட்கலாம். ஏலக்காயை மோந்து பார்த்து வாங்கத் தெரிந்த ஊருக்கு இது தெரியாததல்ல. நாம் கேளாதவரையில், சுயநலக்காரர் ஒருவர் தோற்று, கோபித்து, கோர்ட்டுக்குப் போகும் நாளுக்காக நோயாளி காத்துக் கிடக்க வேண்டியதுதான்.