படத்துக்கு முந்திய அரை மணி

குடும்பப் படம் எடுப்பது என்று ஒரு வீட்டில் தீர்மானமாகிவிட்டால், அன்று காலையில் அந்த வீட்டுப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. எண்ணெய்க் கிண்ணம், சீப்பு, ரிப்பன், கண்மை, இஸ்திரி போட்ட சட்டை, ஜோடியில் ஒன்று மட்டும் அகப்பட்ட காலுறை இவற்றுக்கெல்லாம் நடுவே குழந்தைகள் ஓடிக்கொண்டிருக்கும், பெரியவர்கள் துரத்திக்கொண்டிருப்பார்கள். "சட்டையிலே எதையாவது சிந்தினே, தோலை உரிச்சிருவேன்" என்று மிரட்டி வைத்த பையனை, அரை மணி கழித்துக் காமிராவுக்கு முன்னால் நிறுத்தி, "எங்கே, சந்தோஷமாச் சிரி பார்க்கலாம்" என்பார்கள். மிரட்டியவரும் சிரிக்கச் சொல்கிறவரும் ஒருவரே என்பது பெரியவர்களுக்கு மறந்து போயிருக்கும். பையனுக்கு மறந்திருக்காது.

இதில் வேடிக்கையை மட்டும் பார்க்கிறவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும். எனக்கு இதிலே ஒரு தர்ம சந்தேகம் வெகு நாளாக உண்டு. ஒரு குழந்தையைக் குளிப்பாட்டி, உடுத்தி, சிங்காரித்து நிறுத்துவது எந்த இடம் வரையில் அன்பு? எந்த இடத்தைத் தாண்டினால் அது வேறு ஏதோ ஒன்றாகிவிடுகிறது?

என் நண்பர் ஒருவர் இந்த விஷயத்தில் ரொம்பக் கண்டிப்பானவர். குழந்தை மூக்கு ஒழுகிக்கொண்டு நின்றால் அப்படியே எடுக்க வேண்டும் என்பார். சோடித்து எடுத்த படமெல்லாம் பொய்ச் சாட்சி என்பது அவர் கட்சி. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவரே தம் மகள் கல்யாணத்தன்று நாலு நாள் தாடியோடு வந்து மணமக்கள் பக்கத்தில் நிற்கவில்லை. வழவழவென்று சவரம் செய்து, சரிகை அங்கவஸ்திரத்தோடுதான் நின்றார். அதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வீதிவலம் புறப்படுகிற உற்சவ மூர்த்தியை நாம் அலங்காரம் இல்லாமல் வெளியே கொண்டுவருவதில்லை. அலங்காரம் என்பது பார்க்க வருகிறவர்களுக்குச் செய்கிற மரியாதை. குடும்பப் படத்தைப் பார்க்க வருகிறவர்களோ பெரும்பாலும் இன்னும் பிறக்காதவர்கள். அவர்களுக்கு முன்னால் தலை வாரிக்கொண்டு நிற்பது தப்பாகாது.

நம் ஊர் ஸ்டூடியோக்களில் இதற்கென்றே ஒரு சம்பிரதாயம் வளர்ந்தது. தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் 1880 முதல் 1980 வரை எடுத்த பழைய படங்களைப் புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனத்தார் தேடிச் சேகரித்திருக்கிறார்கள். அத்தனை தூரம் போகவும் வேண்டாம். எந்தப் பழைய வீட்டுக் கூடத்துச் சுவரைப் பார்த்தாலும் போதும். பூத்தைத்த சடையோடு ஒரு சிறுமி பக்கவாட்டில் நிற்பாள். அவளுக்குப் பின்னால் ஒரு நிலைக்கண்ணாடி. முகமும் தெரிய வேண்டும், இரண்டு மணி நேரம் குந்த வைத்துத் தைத்த சடையும் தெரிய வேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டிலே கண் சிமிட்டாமல் ஒரு பையன் பாவாடை சட்டை போட்டு, பொட்டு வைத்து, பூ முடித்து நிற்பான். மொட்டை போடுவதற்கு முன்னால் ஒரு தரம் பெண் வேஷம் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று அவன் அம்மாவுக்கு ஆசை. இன்றைக்கு அவர் மீசை வைத்த தாசில்தாராக இருக்கலாம். அந்தப் படத்தைக் காட்டினால் அவரும் சிரிப்பார், வீடே சிரிக்கும். உண்மைக்கு இதைவிடத் தூரமான படம் கிடையாது. ஆனாலும் யாரும் இதனால் புண்படவில்லை. விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழந்தையிடம் ஏதோ குறை இருக்கிறது என்று எண்ணி யாரும் அந்தப் பூவைச் சூட்டவில்லை.

விஷயம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். இதற்கு நேர்மாறான ஒன்றைத் திருநெல்வேலிப் பக்கத்தில் என் அண்ணன் வீட்டில் பார்த்தேன். ஆச்சிக்கு எண்பது வயது நிறைந்ததை ஒட்டி எல்லோரும் சேர்ந்து படம் எடுத்துக்கொள்ள ஏற்பாடு. மதினி மூன்று குழந்தைகளையும் வரிசையாக நிறுத்தி முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். பையனுக்கு ஒரு தடவை. கடைக்குட்டிக்கு ஒரு தடவை. நடுவில் உள்ள பெண்ணுக்கு மட்டும் மூன்று தடவை. அவள் ஏழு வயசுக்காரி. எண்ணத் தெரிந்த வயசு.

"ஏம்மா, தங்கச்சிக்கு ஒரு தடவதானே போட்டே? எனக்கு மட்டும் ஏன் மூணு தடவ?"

"நீ பெரிய பிள்ளைல்லா, அதான்."

"அப்போ அண்ணன்?"

மதினி பதில் சொல்லவில்லை. "ஆடாம நில்லு" என்று மோவாயைப் பிடித்து, நாலாம் தடவையாகக் கழுத்துக்கும் போட்டாள். அந்தப் பெண் அப்புறம் எதுவும் கேட்கவில்லை. கேட்கவேண்டிய அவசியம் இல்லாமல் போய்விட்டது. மற்ற இருவரைக் காட்டிலும் தன் நிறம் கறுப்பு என்பது அவளுக்கு முன்பே தெரிந்திருக்கலாம். அது மூடி மறைக்க வேண்டிய சங்கதி என்பது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கும்.

மதினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் இதை எழுதவில்லை. அவளும் கறுப்புத்தான். அவளைப் பெண் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் நிறத்தைச் சொல்லித் திரும்பிப் போனார்கள் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அவள் கையிலிருந்த பஞ்சில் பவுடரோடு கூட அந்தப் பயமும் ஒட்டியிருந்தது. தான் பட்டது மகள் படக்கூடாது என்ற தாய் மனசுதான் அது. ஆனால் பயத்தில் பிறந்த அன்பு, பயத்தையே பிள்ளைக்குச் சீதனமாகக் கொடுத்துவிடுகிறது. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டிய படத்தைக் குழந்தை தினம் நின்று பார்ப்பதில்லை. படத்துக்கு முந்திய அரை மணியில் தன்னை என்ன செய்தார்கள், எதைத் துடைத்தார்கள், எதை மறைத்தார்கள், யாரை முன்னால் இழுத்து யாரைப் பின்வரிசைக்குத் தள்ளினார்கள் என்பது அதன் மனத்தில் தங்கிவிடுகிறது. சூம்பிய காலை நாற்காலிக்குப் பின்னால் மறைத்து நிறுத்தப்பட்ட பையன்களை நான் அறிவேன். அவர்களுக்கு அந்தப் படம் தேவையில்லை. பாடம் ஏற்கெனவே ஆகிவிட்டது.

இனி இந்தச் சிரிப்பு விவகாரம். 1839-இல் தாகேர் என்ற பிரெஞ்சுக்காரரின் புகைப்பட முறை பாரிஸில் வெளியிடப்பட்டபோது ஒரு படத்துக்குப் பல நிமிஷம் பிடித்தது. சில வருஷங்களில் அது விநாடிக் கணக்குக்கு இறங்கினாலும், குழந்தைகளுக்கு விநாடியும் யுகம்தான். பெரியவர்களின் தலை அசையாமல் இருக்கப் பிடரிக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். குழந்தைக்கு அதுவும் பலிக்காது. ஆகவே மேல்நாட்டு ஸ்டூடியோக்களில் தாயை நாற்காலி மாதிரி உட்கார வைத்து, தலையோடு காலாக ஒரு துணியைப் போர்த்தி, அவள் மடியில் குழந்தையை வைத்து எடுத்தார்கள். இன்றும் அப்படிப்பட்ட படங்கள் பல இருக்கின்றன. குழந்தை தெளிவாக இருக்கிறது. அதைத் தாங்கிப் பிடித்தவள் திரைச்சீலையாக இருக்கிறாள். நம் வீடுகளில் துணி போர்த்துவதில்லை. எல்லோரையும் சிங்காரித்துவிட்டுக் கடைசியில் ஈரத் தலையும் கசங்கிய சேலையுமாக ஓடிவந்து ஓரத்தில் நிற்கிறவளைப் பார்த்தால், போர்த்தியிருக்கலாமோ என்றுகூடத் தோன்றும்.

அந்தக் காலத்துப் படங்களில் யாரும் சிரிக்கவில்லை என்று நாம் பரிதாபப்படுகிறோம். சிரிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். டார்வின் தம் மூத்த மகன் வில்லியமை மடியில் வைத்து 1842-இல் எடுத்துக்கொண்ட படம் ஒன்று இருக்கிறது. பையனுக்கு அப்போது இரண்டு வயது. தகப்பனும் சிரிக்கவில்லை, பிள்ளையும் சிரிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் சிரிப்பை அந்தத் தகப்பன் கவனித்த மாதிரி நம்மில் யாரும் கவனித்திருக்கமாட்டோம். அவன் பிறந்ததிலிருந்து நோட்டுப் புத்தகத்தில் குறித்து வந்து, 1877-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். முதல் சிரிப்பு 45-ஆம் நாள் வந்ததாம். கண்கள் பிரகாசித்து இமைகள் லேசாகச் சுருங்கியதனால் அது மெய்யான சிரிப்பு என்று கணக்கில் சேர்த்துக்கொண்டார். டுஷேன் என்ற பிரெஞ்சு வைத்தியர் 1862-இலேயே இதைச் சொல்லியிருந்தார்: உதட்டு ஓரத்தை இழுக்கிற தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றியுள்ள தசை உள்ளே சந்தோஷம் இருந்தால்தான் அசையும். "சிரி" என்று உத்தரவு போடுகிறவர் உதட்டைத்தான் வாங்குகிறார். சட்டை நாம் வாங்கிக் கொடுத்தது. அதை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொள் என்று சொல்ல நமக்குப் பாத்தியதை உண்டு. முகம் அதனுடையது.

இவ்வளவும் சொன்னபிறகு, அந்தப் பழைய ஏற்பாடுகளுக்குச் சாதகமாகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதிலே ஒரு நேர்மை இருந்தது: படம் எடுக்கப்படுகிறது என்பது குழந்தைக்குத் தெரியும். இன்று கைப்பேசி வைத்திருப்பவர்கள் குழந்தை குளிக்கும்போதும் எடுக்கிறார்கள், அடி வாங்கி அழும்போதும் எடுக்கிறார்கள், மறு நிமிஷம் ஊரெல்லாம் அனுப்பிவிடுகிறார்கள். என் கண்டிப்பான நண்பர் கேட்ட சோடனை இல்லாத படம் இதுதான். அவருக்குத் திருப்தியா என்று இன்னும் கேட்கவில்லை. குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு, தன்னைப் பற்றிய காரியங்களில் அபிப்பிராயம் சொல்ல உரிமை உண்டு என்று ஐக்கிய நாடுகள் சபை 1989-இல் ஓர் உடன்படிக்கை செய்து, 1992-இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது. வீட்டு வாசற்படியை அது இன்னும் தாண்டி வரவில்லை.

இன்னொரு புதுமையும் வந்திருக்கிறது. 2023-இல் கூகிள் நிறுவனம் வெளியிட்ட பிக்ஸல் 8 கைப்பேசியில், அடுத்தடுத்து எடுத்த படங்களிலிருந்து ஒவ்வொருவர் முகத்தையும் தனித்தனியே பொறுக்கி ஒரே படமாகச் சேர்த்துவிட முடியும். முதல் படத்தில் சிரித்த அண்ணன், மூன்றாவதில் கண் திறந்த தங்கை என்று கூட்டிக்கொள்ளலாம். ஒவ்வொரு முகமும் மெய். அவை ஒன்றுசேர்ந்த அந்தக் கணம் மட்டும் நடந்ததே இல்லை. மிரட்டலும் கிள்ளலும் இதனால் குறையுமானால் குழந்தைகளுக்கு லாபம்தான். ஆனால் பிடிவாதமாக உர்ரென்று நின்ற ஒருத்தியை அப்படி மாற்றிவிட்டால், அவள் அன்று சொன்ன ஒரே பதிலையும் நாம் அழித்துவிட்டவர்களாவோம்.

என்னைக் கேட்டால், படத்துக்குப் போகும் முன் பிள்ளைகளுக்கு வயிறு நிறையச் சாப்பாடு போட வேண்டும். பழகிய செருப்பையே மாட்டிவிட வேண்டும், புதுசு கடிக்கும். பவுடர் போடுவதானால் எல்லோருக்கும் ஒரே கணக்கு. திருஷ்டிப் பொட்டு வைக்கலாம், அது அழகாயிருக்கிறது என்று ஒப்புக்கொள்வதுதானே! தூக்கம் வருகிற நேரத்தில் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. இவ்வளவும் செய்துவிட்டு, பிள்ளைகளைத் தகப்பன் கையில் பிடித்துக் கொடுத்து, அம்மாவுக்கு ஒரு கால் மணி நேரம் தனியாக விட வேண்டும். அவளும் தலையைத் துவட்டிக்கொண்டு, நல்ல சேலையாக ஒன்று எடுத்து உடுத்திக்கொண்டு வரட்டும்.