வெயில் வெளுத்த பொய்

ஹைலைட்ஸில் ஃபாயில் என்றால் வேரிலிருந்தே சீரான கோடுகள். முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளர வளர, கருப்பு வேர் காட்டிக்கொடுத்துவிடும். பாலயாஜ் என்றால் பிரஷ்ஷால் தீட்டுவது. பிரெஞ்சில் கூட்டிப் பெருக்குதல் என்று பொருள். வெயிலில் வெளுத்த மாதிரியே இருக்கும். அப்போ இதுதானே பெரிய பொய்?

எனக்கு அப்படித் தோணல. இரண்டிலும் ப்ளீச் மெலனினை அழிக்கத்தான் செய்கிறது, அன்டூ கிடையாது. ஆனால் மறைப்பது பொய்யாக வேண்டுமென்றால், அந்த உண்மையைச் சொல்ல நாம் கடன்பட்டிருக்க வேண்டும். நரைக்கு டை அடிக்கும் அப்பாவிடம் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மகள் நாலு இழையை வெளுத்தால் மட்டும் வீடே கேட்கிறது: "யாருக்காக இது?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெம்பிருந்தால் ஃபாயில். இல்லையென்றால் பாலயாஜ். இரண்டுமே நேர்மைதான். கடன் இல்லாத இடத்தில் மறைப்பதற்குப் பெயர் அந்தரங்கம்.