கூண்டுக்குள் வராத காடு

வியட்நாமின் டா நாங் நகரை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது சோன் ட்ரா தீபகற்பம். அதன் காட்டில் வாழ்கிறது சிவப்புக்கால் டூக் குரங்கு. முழங்காலுக்குக் கீழே செந்நிறம், சாம்பல் உடல், முகத்தைச் சுற்றி வெண்தாடி. குரங்கினத்தில் இதற்கு இணையான அழகு வேறில்லை என்பேன்.

இதன் முக்கிய உணவு இலை. ஆனால் இலையின் நாரைச் செரிக்கும் நொதி இதன் உடம்பில் சுரப்பதில்லை. அறை அறையாகப் பிரிந்த வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் நாரைப் புளிக்கவைத்து, குரங்குக்கு ஆற்றல் தரும் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. அவை இல்லாவிட்டால், சுற்றிலும் இலை மண்டிக் கிடந்தாலும் குரங்குக்குப் பட்டினிதான்.

இந்தக் குடிகள் எங்கிருந்து வருகின்றன? தாயிடமிருந்து, தின்னும் தழையிலிருந்து, கூடி வாழும் கூட்டத்திலிருந்து. கென்யாவின் அம்போசெலியில் 1971 முதல் தலைமுறை தலைமுறையாகக் கவனிக்கப்பட்டு வரும் பபூன் குரங்குகளைப் பற்றி 2015இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஒன்றுக்கொன்று பேன் பார்த்துக்கொள்ளும் குரங்குகளின் குடல் நுண்ணுயிர்கள் அதிகம் ஒத்திருந்தன. உணவையும் இரத்த உறவையும் கழித்துப் பார்த்த பிறகும் அந்த ஒற்றுமை நின்றது. பிரியமாக முதுகு கோதும் விரல்கள் அழுக்கை மட்டும் எடுப்பதில்லை. எதையோ கொடுக்கவும் செய்கின்றன. இதைப் படித்த நாளிலிருந்து ஒரு குரங்கை என்னால் தனி உயிராகப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் கூண்டில் என்ன ஆகிறது? மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் காட்டு டூக்குகளின் மலத்தையும் கூண்டு டூக்குகளின் மலத்தையும் ஒப்பிட்டு 2016இல் முடிவை வெளியிட்டார்கள். காட்டுக்கே உரிய நுண்ணுயிர்களில் பெரும்பகுதி கூண்டுக் குரங்குகளிடம் இல்லை. அந்த இடத்தைப் பிரெவோடெல்லாவும் பாக்டீராய்டிசும் பிடித்திருந்தன; இன்றைய மனிதக் குடலில் ஓங்கி நிற்பவை இவைதாம். கண்டம் கடந்த மத்திய அமெரிக்காவின் ஊளைக் குரங்குகளுக்கும் கூண்டில் இதே கதிதான். பரம்பரையால் கோடிக்கணக்கான ஆண்டுகள் விலகிய இரண்டு இனங்கள், பூட்டிய கதவுக்குள் ஒன்றுபோல் ஆகின்றன. வகைவகையான தழைகளின் இடத்தில் நார் குறைந்த, வகை சுருங்கிய தீனி வந்ததே முதன்மைக் காரணமாகத் தெரிந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் 2018இல் மனிதர்களைப் பற்றியும் ஓர் ஆய்வு வந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய மோங், கரேன் மக்களின் குடலில், போய்ச் சேர்ந்த சில மாதங்களிலேயே சொந்த நுண்ணுயிர்கள் குறையத் தொடங்கின; அங்கே பிறந்த பிள்ளைகளிடம் இன்னும் குறைவு. பூட்டிய கதவு ஏதும் அவர்களுக்கு இல்லை. மண்ணும் சோறும் மாறியதே போதுமாக இருந்தது.

உயிர் தோலோடு முடிந்துவிடுவதில்லை. தின்ற இலையும் தடவிய கையும் பிறந்த மண்ணும் குடலுக்குள் இறங்கி உடம்பாகின்றன. டூக்கைப் பிடித்துக் கூண்டில் வைக்கும்போது அதன் ஒரு பகுதி மரங்களிலேயே தங்கிவிடுகிறது.

வியட்நாமின் குக் புவாங் தேசியப் பூங்காவில் 1993 முதல் ஒரு மீட்பு மையம் குரங்குகளைக் காத்து வருகிறது. அந்த உழைப்பு வணங்கத்தக்கது. ஆனால் டூக் இன்று அழிவின் விளிம்பில் நிற்கும் இனம். கூண்டில் பிறக்கும் குட்டிகளை மட்டும் எண்ணி அதைக் காப்பாற்றிவிட்டதாகக் கணக்கு எழுதக் கூடாது. காடு நின்றால்தான் அந்தக் கணக்கு செல்லும்.